ஏசுபாதம் பிடுங்கி வைத்த சிலுவைகள்

ஏசுபாதம் டீக்கடைக்கு வந்தால் தசரதன் உடனே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவான். பாய்லருக்குப் பின்னால் முட்டியை மடக்கி, தோளைக் குறுக்கிக்கொண்டு, உட்கார்ந்த வாக்கிலேயே டீ ஆற்றுவான். காரணம் முடிச்சூர் ரோட்டில் எல்லோருக்கும் தெரியும். நிற்கிற மனிதரை ஏசுபாதம் ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தால் போதும், அடியும் அங்குலமும் அவர் மனசில் பதிந்துவிடும். பிறகு என்றைக்காவது ஒருநாள் அந்த ஆளுக்குக் குழி வெட்டும்போது டேப் எடுக்க வேண்டியிருக்காது.

முப்பத்தோரு வருஷமாகப் பங்குக் கோயிலின் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுகிறவர் அவர். இதுவரை வெட்டிய மண்ணை ஓரிடத்தில் கொட்டியிருந்தால் பச்சைமலைக்குத் தம்பியாக இன்னொரு மலை எழும்பியிருக்கும். இந்நேரம் அதிலும் பிளாட் போட்டு விற்றிருப்பார்கள். ஒருமுறை இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் ஒருவர் டீக்கடையில் நின்று ஆயுள் காப்பீடு பற்றி அரைமணி நேரம் விளக்கினார். ஏசுபாதம் அவரை மேலும் கீழும் பார்த்து, "அஞ்சே முக்கால்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஏஜென்ட் பையை விட்டுவிட்டு ஓடினவர்தான். மூன்று நாள் ஜுரம் என்று கேள்வி.

ஏசுபாதம் சொல்வதில் பாதியைத்தான் நம்பலாம், எந்தப் பாதி என்றுதான் தெரியாது. இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்தில் முப்பத்தேழு சிலுவைகள் மிதந்து போனது நிஜம். அதில் ஒன்று அடையாற்றில் இறங்கி, கடலைப் பிடித்து, வேளாங்கண்ணியில் கரையேறிக் காத்திருந்தது என்பது அவர் கணக்கு. அந்தக் கதையை அவர் சிரிக்கச் சிரிக்கச் சொல்வார். அந்த வருஷம் முப்பத்தேழு குடும்பங்கள் வாசலில் நின்று, "காவலுக்கு இருந்துக்கினு என்னாய்யா புடுங்கினே?" என்று கேட்டதை மட்டும் சொல்லமாட்டார்.

அவரெதிரில் நெஞ்சை நிமிர்த்தி நின்ற ஒரே ஆள் அந்தோணிசாமி. ரயில்வே ஒர்க் ஷாப்பில் ரிட்டயர் ஆனவர், பொத்தேரியில் மகள் ஜாஸ்மினோடு இருந்தார். மனைவி புஷ்பம் போய் ஒன்பது வருஷம். ஞாயிறு பூசை முடிந்ததும் நேரே கல்லறைத் தோட்டத்துக்கு வந்து, அவள் தலைமாட்டில் குத்துக்கல் போல உட்கார்ந்து, பேப்பரைச் சத்தமாகப் படித்துக் காட்டுவார். ராசிபலன் உட்பட. எழுந்து போகும்போது ஏசுபாதத்தின் எதிரில் வந்து அட்டென்ஷனில் நிற்பார்.

"எவ்ளோய்யா?"

"ஆறடி ஒரு அங்குலம் சார். போன வாரமும் அதான்."

"ஒரு அங்குலம் கொறச்சுக்கோ. உள்ளே ஏற்கெனவே ஆள் இருக்கு, எடம் விடணும்."

விளையாட்டாகச் சொன்னாலும் விஷயம் விளையாட்டில்லை. ஒரு குழி எட்டு வருஷத்தைத் தாண்டினால் அதையே திறந்து, எலும்பை ஓரமாக ஒதுக்கி, அதே குடும்பத்தில் இன்னொருவரை வைக்கலாம் என்பது அந்தப் பங்கின் வழக்கம். தனக்கு அந்த இடம்தான் என்று அந்தோணிசாமி பங்குத்தந்தையிடம் சொல்லியிருந்தார், மகளிடம் சொல்லியிருந்தார், ஏசுபாதத்திடம் ஞாயிறு தவறாமல் சொல்லியிருந்தார்.

இந்த வருஷம் கல்லறைத் திருநாளுக்குக் கோயில் கமிட்டி புதுமையாக ஒன்று செய்தது. புதர் மண்டிக் கிடக்கிறதே என்று ஒரு ஜேசிபியைக் கொண்டுவந்து விட்டார்கள். அது முள்செடியை வழித்தது, அரளியை வழித்தது, வருஷக்கணக்கில் இறுகிக் கிடந்த பழைய மண்மேடுகளையும் வழித்தது. பிறகு லாரியில் வந்த செம்மண்ணைக் குடும்பங்கள் ஆளுக்கு இரண்டு பாண்டுச் சட்டி வாங்கி, சிலுவைகளின் காலடியில் புது மேடு கட்டின. அந்தத் தோட்டத்தில் சிமெண்ட் கல்லறைகள் கிடையாது. எல்லாம் மண்குழி, மரச்சிலுவை. நவம்பர் இரண்டாம் தேதி பூவும் மெழுகுவர்த்தியுமாக இடம் கல்யாண மண்டபம் போல ஜொலித்தது. மறுநாள் திங்கட்கிழமை மழை பிடித்தது.

அது ஐப்பசி மழை. வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் என்று டிவியில் சொன்னார்கள். திங்கட்கிழமை மழை பெய்தது. செவ்வாய்க்கிழமை வானம் கீழே இறங்கி வந்து ஊரின் மேல் உட்கார்ந்துகொண்டது. சப்வேயில் பஸ் நின்றது. ஏரியிலிருந்து ஏறி வந்த விரால் ஒன்று ரோட்டோரமாக நின்று ஷேர் ஆட்டோவுக்குக் கை காட்டியதாகத் தசரதன் சொன்னான். ஏசுபாதத்துக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. புது மேடுகள் சர்க்கரை போலக் கரைந்துகொண்டிருந்தன. பிடிமானம் இல்லாத சிலுவைகள் ஒவ்வொன்றாகச் சாயத் தொடங்கியிருந்தன.

"இந்த தபா ஒண்ணு கூட போவக் கூடாது" என்றார்.

"எது போவக் கூடாது?"

"சிலுவைடா."

செவ்வாய் மதியம் அவர் அறுபத்திரண்டு சிலுவைகளையும் பிடுங்கினார். தன் மனைவி கனகவல்லியின் சிலுவையையும் சேர்த்துத்தான். ஏனோதானோ என்று பிடுங்கவில்லை. மொத்தம் ஆறு வரிசை. ஒவ்வொரு வரிசையையும் மதில் பக்கத்திலிருந்து வரிசை குலையாமல் அடுக்கி ஒரு கட்டு. கட்டுக்குக் கட்டு முடிச்சில் அடையாளம், முதல் வரிசைக்கு ஒரு முடிச்சு, ஆறாவதற்கு ஆறு. கட்டுவதற்கு வேறு கயிறு இல்லாததால் பெட்டி இறக்குகிற தாம்புக்கயிறுகள் இரண்டையும் எடுத்துக்கொண்டார். சாமான் ரூம் பரணில் ஏற்றி வைத்துவிட்டு, தன் வேலையைத் தானே கொஞ்ச நேரம் ரசித்தார். மழை விட்டதும் கட்டைப் பிரித்து வரிசையாக நட்டுக்கொண்டே போனால் தீர்ந்தது. குழி இருந்த இடத்தில் ஒரு முளைக்குச்சியாவது அடித்துவைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அவருக்கெதற்குக் குச்சி? எல்லாம் அவர் வெட்டிய குழி.

புதன் விடியும்போது ஏரித் தண்ணீர் மதிலைத் தாண்டி வந்தது. வாயில் தூண் ஒரு பக்கமாகச் சரிந்து படுத்தது. எதிர்ச் சந்தில் இடுப்பளவு தண்ணீர், அதுவும் சும்மா நிற்கிற தண்ணீர் இல்லை, ஆளை இழுக்கிற தண்ணீர். சந்தின் கோடியில் இருந்த வீட்டு மாடிப்படிகளில் பதினோரு பேர் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

"கயிறு இருந்தா கொண்டா ஏசு!" என்று தசரதன் கரண்ட் கம்பத்தைக் கட்டிப்பிடித்தபடி அலறினான். நல்லவேளையாகக் கரண்ட் போய் ஒரு நாள் ஆகியிருந்தது.

அந்தத் தெருவில் ஆள் பாரத்தைத் தாங்குகிற கயிறு இரண்டுதான் இருந்தது. இரண்டும் பரணில் இருந்தன. ஏசுபாதம் இடுப்புத் தண்ணீரில் நின்று முடிச்சுகளை அவிழ்த்தார். மூன்றாவது முடிச்சு நனைந்து இறுகிக்கொண்டது, பல்லால் இழுத்தார். கட்டு விட்டதும் சிலுவைகள் பரணிலிருந்து சரிந்து தண்ணீரில் விழுந்தன, ஒன்றன் மேல் ஒன்று, ஒரு வரிசையோடு இன்னொரு வரிசை. ஒரு கணம் பார்த்தார். பிறகு கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, சிலுவைகள் வெளியே மிதந்துவிடாமல் கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போனார்.

கம்பத்திலிருந்து மாடிப்படிக் கம்பி வரை கயிற்றை இழுத்துக் கட்டி ஒவ்வொருவராகக் கொண்டுவந்தார்கள். கடைசியாக நின்றது ரிட்டயர்டு டீச்சர் சுபத்ரா. எழுபது வயது, ஐந்தடிக்கு அரை அங்குலம் குறைவு.

"அது எந்தக் கயிறுன்னு எனக்குத் தெரியும்ப்பா. நான் தொடமாட்டேன்."

"டீச்சர், தண்ணி ஏறிகினு கீது."

"ஏறட்டும். போயும் போயும் அந்தக் கயித்தையா நான் பிடிக்கணும்?"

"இந்தக் கயித்துல போனவங்க ஒருத்தரு கூட இதுவரிக்கும் கம்ப்ளைன்ட் பண்ணதில்ல டீச்சர்."

டீச்சர் அவரை முறைத்தார். பிறகு முந்தானையை உள்ளங்கையில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டு, கயிற்றைச் சேலையால் மட்டும் தொட்டபடி, கண்ணை மூடிக்கொண்டு இறங்கினார். முப்பத்தோரு வருஷம் ஆட்களைக் கீழே இறக்கிய கயிறு அன்றைக்குப் பதினோரு பேரை மேலே இழுத்தது. தசரதன் அன்று மாலைக்குள் அதை இருபத்தைந்து பேராக்கிவிட்டான்.

வியாழக்கிழமை அந்தோணிசாமி இறந்தார். மூச்சுத்திணறல், ஆம்புலன்ஸ் வெள்ளத்தைச் சுற்றிக்கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. வெள்ளிக்கிழமை முழுக்கப் பெட்டியைக் கொண்டுவர வழியில்லை. பக்கத்து மாணவர் விடுதியின் ஜெனரேட்டரில் ஐஸ் பெட்டியை ஓட்டி அவரை வைத்திருந்தார்கள். சனிக்கிழமை காலை டீசல் தீர்ந்தது.

அதே காலையில் தண்ணீர் வடிந்த கல்லறைத் தோட்டத்தைப் பார்த்தபடி ஏசுபாதம் நின்றுகொண்டிருந்தார். மேடு இல்லை, பள்ளம் இல்லை, வரிசை இல்லை. இழைத்து வைத்த பலகை போலச் செஞ்சேறு மதிலுக்கு மதில் படுத்துக் கிடந்தது. அதன் மேல் தூறல் விழுந்துகொண்டிருந்தது.

பங்குத்தந்தை டேனியல் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் வந்தார். பின்னால் ஜாஸ்மின். நாற்பது வயது, தூங்காத முகம், கையில் விரிக்க மறந்த குடை.

"சாயங்காலத்துக்குள்ள இறக்கியாகணும் ஏசுபாதம்" என்றார் ஃபாதர். "இனிமே வெச்சிருக்க முடியாது. மார்ச்சுவரியிலயும் இடம் இல்லைன்னுட்டாங்க."

"பெட்டி வந்துக்கிட்டு இருக்கு அண்ணா" என்றாள் ஜாஸ்மின். "அம்மா குழியைத் திறந்துடுங்க. அப்பா ஒன்பது வருஷமா கேட்டது அது ஒண்ணுதான்."

"தெரியும்மா."

"எங்கேன்னு தெரியும் இல்ல?"

"நான் வெட்ன குழிம்மா" என்றார் ஏசுபாதம்.

ஃபாதர் கோயிலிலிருந்து பதிவேட்டைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். அதில் புஷ்பத்தின் பெயர் இருந்தது, தேதி இருந்தது, எந்த வியாதி என்பது கூட இருந்தது. எங்கே என்பது மட்டும் இல்லை. அதை எழுதவேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை, அதற்குத்தான் ஏசுபாதம் இருக்கிறாரே. ஜாஸ்மின் போனில் ஞாயிற்றுக்கிழமை எடுத்த படம் இருந்தது. சிலுவை, சாமந்தி, மெழுகுவர்த்தி, அப்பாவின் முழங்கால். பக்கத்தில் யார் என்பது படத்தில் விழவில்லை.

ஏசுபாதம் நடக்கத் தொடங்கினார். வாயில் தூணிலிருந்து இருபத்துநாலு எட்டு, இடப்பக்கம் ஒன்பது. தூண் சரிந்து கிடந்தது. அதன் அடி எங்கே என்பதே குத்துமதிப்பு. இருபத்துநாலாவது எட்டில் வலதுகாலில் அரளிக்கிளை உரச வேண்டும். அரளி இல்லை. இத்தனை வருஷம் தலையில் வைத்திருப்பதாக நினைத்ததெல்லாம் அந்தச் செடியிலும் மேட்டிலும் சிலுவையிலும் இருந்திருக்கிறது என்பது அங்கே நின்றபோதுதான் அவருக்கு உறைத்தது. திரும்பிப் போய் மறுபடி எண்ணினார். இரண்டாவது தடவை வேறு இடத்தில் வந்து நின்றார். ஜாஸ்மின் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏசுபாதம் அந்த இரண்டாவது இடத்திலேயே மண்வெட்டியைப் போட்டார்.

ஓரடி வெட்டினால் முக்காலடி தண்ணீர் ஊறியது. மொண்டு ஊற்ற அவரிடம் ஓட்டைப் பாண்டு ஒன்றுதான் இருந்தது. சுபத்ரா டீச்சர் மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு பிளாஸ்டிக் பக்கெட்டைத் தூக்கிப் போட்டார்.

"திருப்பித் தர வேண்டாம்" என்றார். போகவில்லை, அங்கேயே நின்றார்.

மூன்றரை அடியில் மண்வெட்டியில் ஏதோ டங்கென்று பட்டது. ஏசுபாதம் குனிந்து சேற்றுக்குள் கையை விட்டார். உள்ளங்கையில் வந்தது பித்தளைப் பெல்ட் பக்கிள்.

புஷ்பம் பெல்ட் கட்டியதில்லை. பக்கிளைத் தேய்க்காமலேயே அது யாருடையது என்று அவருக்குத் தெரிந்தது. அசரியா. அபார்ட்மெண்ட் செக்யூரிட்டி, ஐந்தடி எட்டு. யூனிஃபார்மோடுதான் வைக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள் அவன் பெண்டாட்டி. அசரியா இரண்டாவது வரிசை, அதில் எத்தனையாவது ஆள் என்று நினைவில்லை. ஏசுபாதம் நிற்பது நான்காவது வரிசை என்று நினைத்த இடம். அசரியா இங்கே இருந்தால், மற்றவர்கள் எங்கே? அறுபத்திரண்டு பேரும் அந்தச் சேற்றுக்கடியில் எழுந்து இடம் மாறிப் படுத்துக்கொண்டது போல அவருக்குத் தலை சுற்றியது.

மேலே தார்ப்பாய்க்கடியில் நின்றவர்களுக்கு அவர் முதுகு மட்டும்தான் தெரிந்தது. பக்கிளை நிக்கர் பாக்கெட்டில் போட்டுக்கொண்டால் போதும். "வாங்கம்மா, அம்மா இங்கதான் கீறாங்க" என்று ஒரு வார்த்தை. பெட்டி இறங்கும், மண் விழும், எல்லோரும் வீட்டுக்குப் போவார்கள். ஜாஸ்மின் வருஷா வருஷம் அசரியாவுக்குச் சாமந்தி வைப்பாள். அந்தோணிசாமி ஞாயிற்றுக்கிழமைகளில் செக்யூரிட்டிக்கு ராசிபலன் படிப்பார்.

வாழ்க்கை முழுக்க வாய் கூசாமல் கதை விட்டவர் ஏசுபாதம். குழிக்குள் நின்று ஒருநாளும் பொய் சொன்னதில்லை. அப்படி ஒரு விரதம் இருந்தது அவருக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

அவர் மேலே ஏறி வந்து பக்கிளை ஃபாதரின் கையில் வைத்தார்.

"இது அசரியா, ஃபாதர். அந்தம்மா இல்ல."

"அப்ப அவங்க பக்கத்துலயா?"

"தெரியல ஃபாதர்."

"தெரியலைன்னா?"

"எனக்கு எதுவுமே தெரியல. யாரு எங்கன்னு ஒண்ணுமே தெரியல."

ஜாஸ்மின் குடையைக் கீழே போட்டாள். "ஒரு வேலைண்ணா உங்களுக்கு. ஒரே ஒரு வேலை. யார் எங்கே படுத்திருக்காங்கன்னு தெரிஞ்சு வெச்சிருக்கிறது. சிலுவையைப் பிடுங்கச் சொல்லி யாரு சொன்னா உங்களை?"

"ஒர்த்தரும் சொல்லலம்மா."

"அப்புறம் ஏன் பிடுங்கினீங்க?"

"போன தபா மாதிரி அடிச்சிகினு போய்டுமோன்னு…"

"போனா போகட்டுமே! மரக்கட்டைதானே? எங்க அம்மா போகமாட்டாங்க இல்ல!"

மதிலோரமாகச் சுபத்ரா டீச்சரின் குரல் கேட்டது. "வரிசையாத்தான்மா கட்டி வெச்சிருந்தார். எங்களை இழுக்கக் கயிறு வேணும்னு அவிழ்த்துட்டார். பதினோரு பேர்."

ஜாஸ்மின் திரும்பி அவரைப் பார்த்தாள். "சரி டீச்சர். நீங்க நல்லா இருங்க. எங்க அம்மா எங்கே?"



ஏசுபாதம் இன்னொரு குழி தோண்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டார். ஃபாதர் தலையசைத்து மறுத்தார். "எத்தனை பேரை எழுப்புவீங்க? அசரியாவை முதல்ல மூடுங்க." மூடினார். ஃபாதர் அதற்கொரு ஜெபம் சொன்னார். அந்நேரம் சந்து முனையில் வேன் வந்து நின்றது. மூன்று நாள் ஆன பெட்டி. எப்படி மூடியிருந்தாலும் காற்றில் தெரிந்தது. ஜாஸ்மின் புடவைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டாள். அப்பாவுக்கு முன்னால் அப்படிச் செய்கிறோமே என்று உடனே எடுத்துவிட்டாள்.

"வேற காஞ்ச இடம் எங்கயாவது?" என்றார் ஃபாதர். "மதில் மூலையில புங்கமரத்துக்கிட்ட மேடா இருக்கே? உங்க வீட்டம்மா பக்கத்துல. ஓ, அங்கே பாறைன்னு சொன்னீங்க இல்ல?"

அந்த மூலையை ஏசுபாதத்துக்கு எண்ணாமலே தெரியும். ஜேசிபிக்காரன் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் வரவிடாமல் செய்திருந்தார். பதினோரு வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு மழைக்காலத்தில் டெங்குவில் போனாள் கனகவல்லி. ஆள் பார்த்தே அளவு சொல்கிறவர், அவளுக்கு மட்டும் நம்பிக்கை வராமல் மூன்று தடவை டேப் வைத்து அளந்தார். அவளுக்குப் பக்கத்தில் ஆறடி நிலம் சும்மா கிடந்தது. பூட்டி வைக்க முடியாத சொத்து. அதனால் அடுத்தடுத்து வந்த நான்கு பங்குத்தந்தைகளிடமும் ஒரே கதையைச் சொல்லி வைத்திருந்தார்: அடியில் பாறை, கடப்பாரை இறங்காது, தன் அப்பா காலத்தில் வெடி வைத்தும் அசையவில்லை, வெடிதான் திரும்பி வந்தது.

மழை கொஞ்சம் வலுத்தது. ஏசுபாதம் மண்வெட்டிக் காம்பைத் துடைத்தார்.

"பாறை இல்ல ஃபாதர்."

"என்னது?"

"பாறையும் இல்ல ஒண்ணும் இல்ல. சொம்மா சொன்னேன். எனக்குன்னு வெச்சிருந்தேன்."

ஃபாதர் டேனியல் புங்கமரத்தைத் திரும்பிப் பார்த்தார். ஜாஸ்மின்தான் பேசினாள்.

"எங்க அப்பாவை உங்க வீட்டுக்காரம்மா பக்கத்துலயா?"

"அங்கதான் தண்ணி ஊறாதும்மா."

"அம்மா இங்கேயே எங்கேயோ கிடக்கும்போது அப்பா வேற ஒருத்தங்க பக்கத்துல படுக்கறதா? அங்கே போய் அம்மா கேட்டா அவர் என்ன சொல்லுவார்?"

"என்னைக் கை காட்டச் சொல்லும்மா. நானும் வருவேன் இல்ல, நானே பதில் சொல்லிக்கிறேன்."

அவள் பெட்டியைப் பார்த்தாள், சேற்றைப் பார்த்தாள். "வெட்டுங்க" என்றாள்.

புங்கமரத்தடி மண் வெண்ணெய் போல இறங்கியது. ஏசுபாதம் தன் அளவுக்குத்தான் வெட்டினார், ஐந்தடி ஆறு அங்குலம். கை தானாக அந்த இடத்தில் நின்றுவிட்டது. பிறகுதான் ஞாபகம் வந்தது. ஆறடி ஒரு அங்குலம். இன்னும் ஏழு அங்குலம் வேண்டும், பெட்டிக்கு அதற்கு மேல். தலைமாட்டுப் பக்கம் மண் இளகலாக இருந்தது, அங்கே வெட்டுவது சுலபம். ஏசுபாதம் கால்மாட்டுப் பக்கம் புங்கவேரோடு மல்லுக்கட்டி வெட்டினார். கனகவல்லியின் தலையும் அந்தோணிசாமியின் தலையும் ஒரே நேரில் இருக்கட்டும், ஒருவரை விட ஒருவர் உசத்தியாகப் படுக்க வேண்டாம். நடுவே விடவேண்டிய மண்சுவரை வழக்கமாக ஒரு முழம் விடுவார். அன்றைக்கு ஒன்றேகால் முழம் விட்டார். அதை யாரும் கவனிக்கவில்லை.

பெட்டியை அதே கயிற்றில்தான் இறக்கினார்கள். ஆள் குறைவாக இருந்தது. தசரதன் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்து ஒரு முனையைப் பிடித்தான். இன்னொரு முனைக்கு ஆள் தேடியபோது சுபத்ரா டீச்சர் மதிலைச் சுற்றி வந்து, முந்தானையைச் சுற்றிக்கொள்ளாமல், வெறுங்கையால் கயிற்றைப் பிடித்தார். ஃபாதர் அவசரமாகப் படித்தார். ஜாஸ்மின் ஒரு பிடி மண் போட்டாள். ஈரமண் கையை விட்டுப் போகாமல் ஒட்டிக்கொண்டது, உதறி உதறிப் போட்டாள்.

எல்லாம் முடிந்ததும் அவள் சாமான் ரூமுக்குப் போனாள். குவியலுக்குள் குனிந்து தேடி, புஷ்பம் என்று வெள்ளைப் பெயிண்டில் எழுதிய சிலுவையை இழுத்தாள்.

"இதை அவரு பக்கத்துல நட்டுடட்டுமாம்மா?" என்றார் ஏசுபாதம். "பேராவது சேர்ந்து இருக்கும்."

"அம்மா இல்லாத இடத்துல அம்மா பேரு எதுக்கு?" என்றாள். அங்கே கிடந்த பிளாஸ்டிக் தாளால் அதைச் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சந்து முனைக்கு நடந்தாள். ஷேர் ஆட்டோவில் அது உள்ளே அடங்கவில்லை. குறுக்குக்கட்டை வெளியே நீட்டிக்கொண்டு நனைந்தபடி போனது.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஃபாதர் விஷயத்தைச் சொல்லிவிட்டார். பூசை முடிந்து மொத்தக் கூட்டமும் கல்லறைத் தோட்டத்துக்கு வந்தது. முதலில் அழுகை, பிறகு சண்டை. இரண்டு குடும்பங்கள் ஒரே இடத்தைக் காட்டி, "இதுதான் எங்க அப்பா", "இல்ல, எங்க மாமியார்" என்று சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அசரியாவின் பெண்டாட்டி பக்கிளை வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொண்டு, ஏசுபாதத்தின் முகத்துக்கு நேரே காறித் துப்பினாள். அது அவர் காலடியில் விழுந்தது. அவர் நகரவில்லை. யாரையும் ஏற இறங்கப் பார்க்கவும் இல்லை, தரையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

கடைசியில் ஃபாதர், ஒரு முடிவு தெரியும் வரை யாரும் எதையும் நடவேண்டாம், அவரவர் சிலுவையை அவரவர் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அறுபது சிலுவைகள் வெளியேறின. பைக்கில் பின்சீட்டுக்காரர் மடியில் ஒன்று, ஸ்கூட்டியின் கால்வைக்கும் இடத்தில் ஒன்று, தோளில் ஒன்று, குடைக்கடியில் குழந்தை போல ஒன்று. முடிச்சூர் ரோட்டில் மழைக்கு ஒதுங்கியிருந்த ஜனம், என்ன பண்டிகையோ என்று எட்டிப் பார்த்தது.

மறுநாள் தூறல் ஓய்ந்தது. ஏசுபாதம் டீக்கடைக்குப் போனார். தசரதன் ஸ்டூலைத் தொடவில்லை. நின்றபடியே டீயை நீட்டினான்.

"குந்துடா" என்றார் ஏசுபாதம்.

"பரவால்ல. எங்க வெப்பாங்கன்னு தெரிஞ்சாதானே அளவைப் பத்திக் கவலை?" என்றான் தசரதன். சொன்ன பிறகுதான் அது யாருக்கு வலிக்கும் என்று அவனுக்கு உறைத்தது. பாய்லரைத் துடைக்க ஆரம்பித்தான்.

டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஏசுபாதம் திரும்பி வந்தபோது, சரிந்த தூணுக்குப் பக்கத்தில் வெளியூர் அம்மா ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். ஊர் முழுக்கப் பேசுகிறார்களே என்று பார்க்க வந்தவள். வெறும் செஞ்சேற்றுக்கு நடுவே, புங்கமரத்தடியில், இரண்டே இரண்டு சிலுவைகள் அக்கம்பக்கமாக நின்றன. ஒன்று அந்தோணிசாமிக்கு நட்ட புதுசு, ஒன்று திரும்ப நட்ட கனகவல்லியின் பழசு.

"எல்லாரும் போய் இது ரெண்டுதான் நிக்குது பாருங்க" என்றாள் அவள். "புருஷன் பொஞ்சாதியா?"

வேளாங்கண்ணி வரை சிலுவையை மிதக்க விட்டவர், இதற்கு என்ன கதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். ஏசுபாதம் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு புங்கமரத்தடிக்குப் போனார். இரண்டு மேட்டுக்கும் நடுவே மழையில் இறங்கியிருந்த அந்த ஒன்றேகால் முழ இடைவெளிக்கு மண் அள்ளிப் போட்டு, கையால் தட்டித் தட்டி வரப்பு போல உயர்த்தினார்.